கப்பலேறாத வெள்ளைக்காரர்

1937ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22ஆந் திகதி, இருபத்துநான்கு வயதுடைய வெள்ளைக்கார வாலிபர் ஒருவரிடம் இலங்கைத் தேசாதிபதியின் கட்டளையொன்று கையளிக்கப்பட்டது. 24ஆந் திகதி மாலை ஆறு மணிக்குள் அவர் இந்நாட்டை விட்டு நீங்கிவிட வேண்டும். அவரை ஏற்றிச் செல்வதற்கு 'மூல்ட்டான்' என்னும் கப்பலும் குறிக்கப்பட்டிருந்தது. அவர் திருடியவரல்லர், எவரையும் அடித்தவருமல்லர். எந்த நீதவான் முன்னிலையிலும் அவர்மீது குற்றப்பத்திரம் வாசிக்கப்படவில்லை. அவர் செய்ததெல்லாம் பொதுக் கூட்டங்களிலே பேசியதுதான்.

அந்த வாலிபரின் பெயர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். இப்பெயரை இன்றைய மாணவர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சரித்திரப் பாடப் புத்தகத்தில் டொனமூர் அரசியல் திட்டத்துக்கும் சோல்பரி அரசியல் திட்டத்துக்கும் நடுவே ஒரு வரியில் வந்து மறைகின்ற பெயர் அது. ஆனால், தேசாதிபதியாயினும் பொலிஸாராயினும் ஒரு மனிதனுடைய சுதந்திரத்தில் கை வைத்தால் அதற்கு நீதிமன்றத்திலே நியாயங் காட்டியாக வேண்டும் என்பதை இந்த நாட்டு மக்கள் கண்கூடாகக் கண்டது அவருடைய வழக்கிலேதான். ஆகையால் அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லுதல் தகும்.

பிரேஸ்கேர்டில் இங்கிலாந்திலே பிறந்து, தாயாருடன் அவுஸ்திரேலியாவிற் குடியேறியவர். ஓவியம் பயின்றார், அங்கே பொதுவுடைமை வாலிபர் சங்கத்திலும் சேர்ந்தார். 1936ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்கு வந்து, மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகஸ் தோட்டத்திற் சின்னத்துரையாக அமர்ந்தார். அக்காலத்துத் துரைமாருக்கென்று எழுதாச் சட்டங்கள் சில இருந்தன. தொழிலாளியைப் பிரட்டுக் களத்திலே காணலாம். கொழுந்து நிறுக்கும் இடத்திலே காணலாம். லயத்து வாசலிலே நின்று அவனோடு சுகதுக்கம் பேசுதல் ஆகாது. இந்த வாலிபர் அந்த எல்லைக் கோட்டைத் தாண்டினார். லயக் காம்பராக்களின் நிலைமையையும் கல்வியும் வைத்திய வசதியுமின்றித் தமிழ்த் தொழிலாளர் பட்ட பாட்டையும் கண்டார். கண்டதைச் சொல்லவும் செய்தார். சில மாதங்களுக்குள் வேலை போயிற்று. அவர் கொழும்புக்கு வந்து, அப்பொழுது இளங் குழந்தையாயிருந்த லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் ஏறினார்.

1937 ஏப்ரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். சுமார் இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடியிருந்தனர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் பேசினார். பின்னர் டாக்டர் என். எம். பெரேரா இந்த வெள்ளைக்காரரைச் சபைக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். சுற்றியிருந்த மலைகளைச் சுட்டிக் காட்டி, அங்கே மாளிகைகளில் வாழ்பவர்கள் உங்கள் உழைப்பிலே கொழுக்கிறார்கள் என்ற கருத்துப்பட அவர் முழங்கினார். தொழிலாளர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'சாமி, சாமி' என்று ஆரவாரித்தனராம். தங்கள் நிறத்தவரே ஒருவர் தமிழ்த் தொழிலாளர் நடுவே நின்று தங்களைச் சாடுவதும், அந்தத் தொழிலாளர் அவரைச் சாமி என்று அழைப்பதும் தோட்டத் துரைமாருக்கு எப்படி இருந்திருக்கும்! கறுத்த நிறத்தவர் பத்துப் பேர் அதையே பேசியிருந்தால் அவர்கள் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள் என்பது எமது எண்ணம். முறைப்பாடுகள் பறந்தன. பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸ், தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், நாடு கடத்தற் கட்டளை என்று காரியங்கள் விரைந்து நடந்தன.

கட்டளைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து மகாராணியார் தமது மந்திராலோசனைச் சபையிற் பிறப்பித்த ஓர் ஆணை. யுத்தம் போன்ற ஆபத்துக் காலங்களில் குடியேற்ற நாடொன்றைப் பாதுகாப்பதற்காக ஆக்கப்பட்டது அது. எந்த மனிதனையும் நாட்டை விட்டுப் போகும்படி பணிக்கத் தேசாதிபதிக்கு அதிகாரங் கொடுக்கும் பிரிவொன்றும் அதனுள்ளே இருந்தது. பெட்டிக்குள்ளே பழைய வாள் ஒன்று கிடக்கிறது. கள்வனை வெட்டுவதற்கென்று பாட்டனார் வாங்கி வைத்தது. பேரன் அதை எடுத்துக்கொண்டு, தன்னை ஏசிய அயல் வீட்டுக்காரனைத் துரத்துகிறான். தேசாதிபதி செய்தது ஏறக்குறைய இதுதான்.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை. தோழர்கள் அவரை ஒளித்து வைத்தனர். பொலிஸார் நாடெங்கும் தேடினர். மே 5ஆந் திகதி அரசாங்க சபையிலே, என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் தேசாதிபதிமீது கண்டனப் பிரேரணை கொண்டுவந்தனர். உள்நாட்டு மந்திரியின் ஆலோசனையின்றி ஒருவரை எப்படி நாடு கடத்தலாம் என்பதே கேள்வி. ஆதரவாக 34 வாக்குகளும் எதிராக 7 வாக்குகளும் கிடைத்தன. சமசமாஜக் கட்சிக்குச் சபையில் இருந்தவர்கள் இருவரே. பொதுவுடைமை என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளிக்கும் கனவான்களும் அன்று அந்த இருவரோடு சேர்ந்து கை உயர்த்தினர் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது.

அந்த உள்நாட்டு மந்திரி யார் தெரியுமா? சேர் டி. பி. ஜயதிலக்க. 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இராணுவச் சட்டம் பிறப்பித்த அரசாங்கம், மது ஒழிப்பு இயக்கத் தலைவர்களைச் சிறையிலிட்டபோது அவர்களுள் ஒருவராக உள்ளே போனவர் அவரே. அவ்வாண்டிலேதான் ஹென்றி பெத்ரிஸ் என்ற வாலிபர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வடக்குமுறையைச் சட்ட நிரூபண சபையிலே கண்டித்துப் பேசியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அன்று கைதியாயிருந்தவர் இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் பொலிஸ் பகுதிக்குப் பொறுப்பான மந்திரி. நாடு கடத்துவது பற்றித் தமக்கு முன்னரே அறிவிக்கப்படவில்லை என்று மந்திரியும், அறிவித்தேன் என்று பொலிஸ் மா அதிபரும் முரண்பட்டு நிற்க, அதை ஆராய்வதற்கே ஒரு விசாரணைக் குழு நியமிக்க வேண்டியதாயிற்று. அந்த வழக்கு வேறு கதை, இங்கே வேண்டாம்.

சபையிலே வாக்கெடுப்பு நடந்த அதே நாளிற் காலிமுகத் திடலில் ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர் என்பர். பண்டாரநாயக்கவும் ஏ. ஈ. குணசிங்கவும் ஒரே மேடையிலே பேசினர். திடீரென்று, பொலிஸார் ஊரெல்லாம் தேடிய மனிதர் மேடையிலே தோன்றினார்! அத்தனை பெரிய சனத்திரளின் நடுவே அவரைத் தொடுவதற்குப் பொலிஸார் துணியவில்லை. இரண்டொரு நாட்களின் பின், புதுக்கடையில் கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகரவின் இல்லத்தில் அவரைக் கைது செய்தனர்.

கைது நடந்தவுடன் உயர் நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது. மாணவர்கள் இந்த மனுவைப் பற்றி அறிந்திருத்தல் நல்லது. ஒருவரைத் தடுத்து வைத்திருக்கும் அதிகாரியைப் பார்த்து, 'இந்த ஆளை எம் முன்னே கொண்டுவா. எந்தச் சட்டத்தின்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல்' என நீதிமன்றம் கேட்பதே அதன் சாரம். பிடிபட்டவர் தாம் குற்றமற்றவரென்று காட்டவேண்டியதில்லை. பிடித்தவர்தான் தமது அதிகாரத்தைக் காட்டவேண்டும்.

நாட்டின் தலைசிறந்த சிவில் வழக்கறிஞரான எச். வி. பெரேரா கூலி வாங்காமல் ஆஜரானார். சமசமாஜக் கொள்கைக்கும் அவருக்கும் வெகு தூரம். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் வழக்கை விசாரித்தனர். தேசாதிபதியின் தற்றுணிபை நீதிமன்றம் ஆராய முடியாது என்பது அரசாங்கத்தின் வாதம். 'எந்த மனிதனையும்' என்ற சொற்களைத் தனியே பிய்த்தெடுத்துப் பார்த்தால் அது சரிபோலத்தான் தோன்றும். நீதியரசர்களோ ஆணையை முழுமையாக வாசித்தார்கள். அவசர நிலைமைக்கென ஆக்கிய ஆணையிலுள்ள அதிகாரத்தை, அவசர நிலைமை எதுவும் இல்லாத காலத்திலே, பேசியதற்காக ஒருவர்மீது பிரயோகிக்க முடியாது என்று தீர்த்தனர். மே 18ஆந் திகதி பிரேஸ்கேர்டில் விடுதலையாகி வெளியே நடந்தார். தேசாதிபதியை நியமித்தது எந்த முடியோ, அந்த முடியின் பெயரால் நீதி வழங்கியவர்கள்தான் இத்தீர்ப்பையும் வழங்கினார்கள்.

இவ்வளவையும் படித்த வாசகர் ஒருவர், 'அவர் வெள்ளைக்காரர், எச். வி. பெரேரா வந்தார்; ஐம்பதினாயிரம் பேர் கூடினர். சாமி என்று கூவிய தொழிலாளிக்கு யார் வந்தார்?' என்று கேட்பாராயின், அது நியாயமான கேள்வியே.

1940ஆம் ஆண்டு ஜனவரியில் மூலோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு கூடியது. கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். ஆட்கொணர்வு மனுவால் கோவிந்தனைக் கொண்டுவர முடியாதல்லவா? அதே ஆண்டு ஜூன் மாதத்தில், யுத்த காலப் பாதுகாப்புப் பிரமாணங்களின்கீழ் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் கொல்வினும் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டனர். 1937இல் தோற்ற அரசாங்கம், இம்முறை யுத்தத்தைக் கையில் வைத்திருந்தது.

பின்னர் 1947 ஜூன் 5ஆந் திகதி, அரசாங்க எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தின்போது கொழும்பில் ஊர்வலத்தின்மேல் பொலிஸார் சுட்டதில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் உயிரிழந்தார். பேனா பிடித்து வயிறு வளர்த்த ஓர் உத்தியோகத்தர் அவர். இரண்டு வாரத்துக்குள் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திரம் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன் ஆக்கப்பட்ட இச்சட்டத்தின் கீழேதான், சுதந்திர இலங்கையின் அவசரகாலப் பிரகடனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெட்டியிற் கிடந்த பழைய வாளுக்குப் பதிலாகப் புதிய வாளொன்றை நாமே அடித்துக்கொண்டோம்.

கப்பலைப் பற்றியும் சொல்லவேண்டும். நாவலப்பிட்டியிலே ஆரவாரித்த தொழிலாளருக்கு என்ன நேர்ந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அச்சட்டங்களை எதிர்த்துக் கோடகன்பிள்ளை என்பார் தொடர்ந்த வழக்கு இங்கிலாந்துக் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் சட்டங்கள் செல்லும் என்றே அங்கே தீர்ப்பாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் மனிதரைப் பங்கிட்டனர். பிரேஸ்கேர்டிலுக்கு ஒரு கப்பல் குறிக்கப்பட்டது. அதில் அவர் ஏறவில்லை. தேயிலைக் காட்டிலே பிறந்து, தமிழ்நாட்டைக் கனவிலும் காணாத குடும்பங்கள் கண்டி ரயில் நிலையத்திலே உற்றாரைக் கட்டி அழுது, தலைமன்னார்த் துறையிலே கப்பலேறின. 1937இல் நீதிமன்றத்தால் அந்த ஒருவரைக் காக்க முடிந்தமைக்குக் காரணம், தேசாதிபதிக்குச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவில்லை என்பதே. சட்டத்தையே அவ்வாறு எழுதிக்கொண்ட பாராளுமன்றத்தின் முன்னால் நீதிமன்றத்தின் கை ஓங்கவில்லை. வாக்கை இழந்த மக்களுக்கு, அந்தச் சட்டத்தை மாற்றும் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்யும் வழியும் அடைபட்டுப் போயிற்று.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளுக்கு நேரடியாக உயர் நீதிமன்றம் செல்லும் வழி வகுக்கப்பட்டது. அது பெரிய நன்மையே. ஆனால் தீர்ப்பு கிடைத்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1982 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பு வாக்கெடுப்புக்கு முன், எதிர்ப் பிரசாரஞ் செய்த 'பவிதி ஹண்ட' என்னும் அமைப்பின் துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவர் கைப்பற்றினார். அது உரிமை மீறல் என்று கண்ட உயர் நீதிமன்றம் 10,000 ரூபா நட்டஈடு விதித்தது. அந்த அதிகாரிக்குக் கிடைத்தது பதவி உயர்வு! 1983 மார்ச் 8ஆந் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, அமெரிக்கத் தூதரகத்திலே மகஜர் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களைப் பொலிஸார் மறித்தனர். முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரான விவியன் குணவர்த்தன கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில் மோசமாக நடத்தப்பட்டார். அவரைக் கைது செய்தது சட்ட விரோதம் என ஜூன் மாதத்தில் தீர்ப்பாயிற்று. அங்கும் சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வு. சில நாட்களுள் அவ்வழக்கின் நீதியரசர்களுடைய வீட்டு வாசல்களிலே காடையர் கூட்டங்கள் வந்து நின்று தூஷித்தன. பதவி உயர்வுகளைத் தாமே பணித்ததாகவும், பொலிஸாரின் மனவுறுதி குன்றாதிருக்க அது அவசியமென்றும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, சர்வதேச சட்ட வல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் வந்த ஆங்கிலச் சட்டத்தரணியொருவரிடம் மறைக்காமற் சொன்னார். ஸ்டப்ஸ் துரைகூடத் தோற்றபின் தோல்வியை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

வீட்டிலுள்ள தாய்மாருக்கு இன்னொரு வழக்கையும் சொல்லத் தோன்றுகிறது. 1992 ஜூலை 1ஆந் திகதி நண்பகலில், அரசாங்கத்தை எதிர்ப்போர் யாவரும் மணி அடித்தும் பறை கொட்டியும் சட்டி பானைகளைத் தட்டியும் ஓசையெழுப்ப வேண்டும் என எதிர்க்கட்சிகள் கேட்டன. 'ஜனகோஷா' என்று அதற்குப் பெயர். பறை கொட்டிய ஒருவரைப் பொலிஸார் தடுத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வந்தது. சொல் இல்லாத ஓசையும் பேச்சே என்று 1993இல் தீர்ப்பளித்தார் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. மாறுபட்ட கருத்தைப் பொறுத்துக்கொண்டாற் போதாது, அதனை ஊக்கவும் வேண்டும் என்பது அவர் கண்ட ஜனநாயக இலக்கணம். அகப்பையும் சட்டியும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையின் காவலைப் பெற்றுவிட்டன.

சட்டியின் ஓசைக்குக் கிடைத்த காவல் ஒரு தமிழ்க் கவிதைக்கு எளிதிற் கிடைக்கவில்லை. 2020 மே மாதம், மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமது கவிதைத் தொகுதியின் காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைத் தூண்டுகிறதென்பது குற்றச்சாட்டு. அதனைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே தொகுதியில் இருந்தன. 2021 டிசம்பரிற் பிணை கிடைக்கும்வரை பத்தொன்பது மாதங்கள் அவர் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பிரேஸ்கேர்டிலுக்கு மே முதல் வாரத்திற் கைது. மே 18இல் விடுதலை. தந்திப் பலகையும் தட்டச்சுப் பொறியும் இருந்த காலத்தில் இரண்டு வாரத்திலே முடிந்த காரியம், இந்தக் காலத்தில் மூன்றரை ஆண்டாயிற்று.

பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் பெற்றோர், 'உனக்கேன் இந்த வேலை, வாயை மூடிக்கொண்டு படி' என்று சொல்லுவதைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. கோவிந்தனையும் கந்தசாமியையும் அறிந்த சமூகம் வேறெப்படிச் சொல்லும்? ஆயினும் பேசுகின்ற பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின்படி, கைது செய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். உரிமை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. ஆகவே கைது நடந்த திகதியையும் நேரத்தையும், வந்தவர்களின் பெயரையும் பொலிஸ் நிலையத்தையும், கண்ட சாட்சிகளையும் வீட்டிலுள்ளோர் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைக்கவேண்டும். ஒரு மாதம் என்பது, அழுது ஓய்வதற்குள் முடிந்துவிடும் காலம்.